நாலு கியர் மோட்டாருக்கு நாலு கியர்தான்

வேகத்துக்காகச் செட் செய்த இரண்டு கப்சாய் மோட்டார்கள் (நம் ஊர்ச் சின்ன மோட்டார்சைக்கிள்கள்) 400 மீட்டர் நேர்ச் சாலையில் போட்டி போட்டால் இருபது வினாடி வாக்கில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இருபது வினாடிக்காகப் பையன்கள் இரவு பதினொரு மணியிலிருந்து காத்திருப்பார்கள். பெட்ரோல் நிலையத்து ஓரம், மாமாக் கடை வாசல், மேம்பாலத்துக்கு அடியில் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவனுக்குக் கைப்பேசியில் செய்தி வரும், எல்லாரும் கிளம்புவார்கள். அங்கே போனால் போலிஸ் வண்டி நிற்கும். திரும்பவும் வேறு இடம். விடியற்காலை மூன்றரைக்கு ஒரு பந்தயம் நடக்கும், அல்லது நடக்காமலே எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

பினாங்கு மாநிலத்துப் பிறையில் நாங்கள் எடுத்த குறும்படத்தில் இந்தக் காத்திருப்புக்கு நிறைய நேரம் கொடுத்திருக்கிறோம். படம் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் பந்தயம் ஒரு நிமிடம்கூட வராது. யாரும் விழுவதில்லை, யாரும் யாரையும் அடிப்பதில்லை, கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனாலும் இது ஆக்‌ஷன் படம். அப்படி நினைத்துத்தான் எழுதினோம். கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: அடிதடி இல்லாமல் என்ன ஆக்‌ஷன்?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலேசியத் திரையில் ஒரு தமிழ்ப் பையன் மோட்டாரில் வந்து இறங்கினால், அடுத்த காட்சியில் பாராங் கத்தி வரும் என்று பார்ப்பவர்கள் எதிர்பார்க்கப் பழகிவிட்டார்கள். நாமே அப்படிப் பழக்கிவிட்டோம். எனக்குத் தெரிந்த பையன்கள் வேறு மாதிரி. பட்டறையில் கையாளாக இருப்பவன், உணவு டெலிவரி செய்பவன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவன். 1972-இல் அந்தத் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதிலிருந்து பினாங்கில் எத்தனையோ வீடுகளின் நேரம் அந்த ஷிப்டை வைத்தே ஓடுகிறது. இந்தப் பையன்களில் ஒருவன் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, காதை வைத்தே காற்றையும் பெட்ரோலையும் சரிப்படுத்துவான். அந்த விரல்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதுவே ஆக்‌ஷன். உடம்பும் இயந்திரமும் நேரமும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிற இடம் அது. அங்கே முஷ்டிக்கு இடம் தேவையில்லை.

விபத்தைக் காட்டாததற்குக் காரணம் வேறு. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன எட்டுச் சிறுவர்கள் ஒரே இரவில் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நான் இந்தப் படத்தை எந்த மண்டபத்தில் திரையிட்டாலும், அங்கே ஒரு அம்மாவோ தம்பியோ இருப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு ஹெல்மெட் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர்களை உட்கார வைத்து, ஒரு மோட்டார் கவிழ்ந்து தீப்பொறி பறப்பதை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் வயலின் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. பயத்தைக் காட்ட அது தேவையும் இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். பக்கக் கண்ணாடியை ஒரு வினாடி பார்த்துவிட்டு நிமிர்ந்தால், 25 மீட்டர் சாலையை நீ பார்க்கவே இல்லை. இதை ஒருவன் உணரும் நொடியைக் காட்டினால் போதும், பார்ப்பவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வார்.

கதை சின்னது. அக்கா இரவு ஷிப்டு. தொழிற்சாலை பஸ் அவளைப் பிறையிலிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாஸுக்கு ஏற்றிப் போய், காலையில் கொண்டுவந்து விடும். அவளுடைய ஹோண்டா ஈஎக்ஸ் 5 கப்சாய் வீட்டில் நிற்கிறது. தம்பி பட்டறைப் பையன். அந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு போகிறான். காலையில் அக்கா வந்ததும் அதே மோட்டாரில்தான் தன் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். மோட்டார் அதற்குள் அதே இடத்தில் அதே மாதிரி நிற்க வேண்டும். வில்லன் கிடையாது. நேரம் இருக்கிறது, போலிஸ் சாலைத் தடுப்பு இருக்கிறது, அக்காவின் முகம் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் வைப்பதைத் தடுக்கிறது. 42ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2020-இல் திருத்திய பிறகு, அதில் 5 ஆண்டு வரை சிறை, 5,000 முதல் 15,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். கேமரா கையில் இருப்பதால் எதிரே வருகிறவருக்கு ஆபத்து குறைந்துவிடாது. 1976-இல் பிரெஞ்சு இயக்குநர் குளோட் லெலூஷ், விடியற்காலைப் பாரிஸில் காரின் முன்னால் கேமராவைக் கட்டி, அனுமதியே இல்லாமல், சிவப்பு விளக்குகளைத் தாண்டி ஓட்டி எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தார். குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் பலர் அதை வழிகாட்டியாகப் பார்க்கிறார்கள். அந்தப் படத்தில் தெருவைக் கடக்கிற மனிதர்கள் நடிகர்கள் இல்லை. எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் அந்த வழியில் நான் போக மாட்டேன், என் குழுவில் யாரையும் போக விடவும் மாட்டேன்.

ஆனால் அதே படத்தில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர் ஓட்டியது மெர்சிடிஸ். நம் காதில் விழுவது ஃபெராரி. வேகத்தில் பாதி சத்தத்தில் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் பந்தயத்தை எடுத்தது பொதுமக்களுக்கு இன்னும் திறக்காத ஒரு தொழிற்பேட்டை உட்சாலையில். நில உரிமையாளரின் கடிதம், தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் தருகிற படப்பிடிப்புச் சான்றிதழ், பக்கத்துப் போலிஸ் நிலையத்துக்குத் தகவல், முதலுதவி தெரிந்த ஆட்கள், இரண்டு பக்கமும் தடுப்பு. தாமான் எனும் குடியிருப்புப் பகுதிச் சந்துகளில் எடுத்த காட்சிகளுக்கு மாநகர் மன்றத்தையும் கேட்டோம். மாணவர்கள் இந்தத் தாள்வேலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பொறுமை இருந்தால் முடிகிற வேலைதான்.

இப்போது கேமரா. எங்கள் சாலையில் மோட்டார்கள் ஓடிய அதிகபட்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். திரையில் அது தொண்ணூறாகத் தெரிய வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கண் வேகத்தை அளப்பது மோட்டாரைப் பார்த்து இல்லை, பக்கத்தில் ஓடுகிற பொருள்களைப் பார்த்து. தூரத்து அடுக்குமாடி விளக்குகள் பிரேமில் நின்றால் அவை நகரவே நகராது, மோட்டாரும் ஊர்கிற மாதிரித் தெரியும். கேமராவைச் சாலையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறக்கி, அகன்ற லென்ஸ் மாட்டி, கறுப்பு வெள்ளை அடித்த சாலையோர விளிம்புக் கல்லை ஒட்டியே போனால், அதே நாற்பது வயிற்றைக் கலக்கும். கம்பி வேலி, விளக்குக் கம்பம், சாலை நடுவில் விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக்கோடு, இவைதான் எங்கள் சிறப்பு நடிகர்கள். இடம் பார்க்கப் போனபோது நாங்கள் சாலையின் நீளத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தோம்.

நீள லென்ஸ் இன்னொரு உதவி. எதிரே நின்று தூரத்திலிருந்து எடுத்தால் முன்னும் பின்னுமாகப் பத்து மீட்டர் இடைவெளியில் வருகிற இரண்டு மோட்டார்கள் சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற மாதிரித் தெரியும். அதனால் ஓட்டுநர்களை நிஜமாகவே பக்கத்தில் விட வேண்டிய தேவை வரவில்லை. தோளோடு தோள் வருகிற ஒரே ஷாட்டில் மோட்டார்கள் நடை வேகத்தில்தான் உருண்டன. கேமரா இரண்டு கைப்பிடிகளை மட்டும் பார்த்தது.

பிரேம் வேகத்தைக் குறைத்து எடுக்கிற பழைய வித்தையும் இருக்கிறது. வினாடிக்கு 20 பிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் நாற்பது ஐம்பதாகிவிடும். இதை அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும். காற்றில் சட்டை படபடப்பதும் தலை திரும்புவதும் கூடவே வேகமாகிவிடும். மனித உடம்பு எவ்வளவு வேகத்தில் அசையும் என்று எல்லாருக்கும் தெரியும், உடனே பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சக்கரமும் சாலையும் மட்டும் உள்ள ஷாட்களில்தான் அதைச் செய்தோம். ஆள் தெரிகிற ஷாட் எல்லாம் இயல்பான வேகம்.

இரவுப் படப்பிடிப்பில் ஒரு நடைமுறை விஷயம், இங்கே எடுக்கிற எல்லாருக்கும் உதவும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் பல தெரு விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை 1/50 வினாடிக்கு வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கு விழும், படம் துடிக்காது. பிரேம் வேகத்தை 20-க்கு இறக்கினாலும் ஷட்டர் அதே அளவில் இருந்தால் போதும். சாலை இன்னும் கொஞ்சம் குழைந்து ஓட வேண்டுமென்றால் 1/25 வினாடி. இடையில் உள்ள அளவுகளை இரவில் தொட வேண்டாம்.

சத்தத்தில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம்.

பந்தயக் காட்சி என்றால் படங்களில் ஓட்டுநர் கியர் மாற்றிக்கொண்டே இருப்பார். ஆறு, ஏழு, எட்டு என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். ஈஎக்ஸ் 5-க்கு நாலே கியர். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் கோடு தாண்டுவதற்குள் மூன்று தடவைதான் மாற்ற முடியும். மலேசியாவில் இந்த மோட்டாரில் உட்காராத குடும்பம் அபூர்வம். அப்பா ரப்பர் பால் வெட்டப் போனதும் இதில்தான், சித்தப்பா மீன் விற்றதும் இதில்தான். நாலு கியர் சத்தம் நம் ஆட்களின் காதில் ஊறியிருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று கேட்டால் படத்தை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். அந்த மூன்று மாற்றங்களில்தான் எங்கள் பந்தயத்தைக் கட்டினோம். முதல் மாற்றத்தில் தம்பி முந்துகிறான். இரண்டாவதில் சமம். மூன்றாவதற்கு அவன் கால் லீவர் மேலே வந்து நிற்கிறது. எஞ்சின் கதறுகிறது, கால் அழுத்தவில்லை. அந்த இடைவெளியை எடிட்டர் எவ்வளவு நீட்டலாம் என்று நாங்கள் வாரக்கணக்கில் பேசியிருப்போம்.

எஞ்சின் சத்தத்தை நிறுத்திவைத்த மோட்டாரில் முறுக்கிப் பதிவு செய்தால் உதவாது. சுமை இல்லாமல் சுற்றுகிற எஞ்சின் வெறுமனே கத்தும். ஆளைச் சுமந்து இழுக்கிற எஞ்சினில் அடித்தொண்டையில் ஒரு முனகல் இருக்கும். அதனால் ஓட்டிக்கொண்டேதான் பதிவு செய்தோம். சீட்டுக்கு அடியில் பஞ்சு சுற்றிய ஒரு சின்ன மைக், எக்சாஸ் பக்கம் காற்று படாத மறைவில் இன்னொன்று, இரண்டிலும் பதிவு அளவைக் குறைத்துவைத்து. ஒன்று எஞ்சினின் மூச்சு, மற்றது குரல். எதிரி ஓட்டுவது பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட், டூ ஸ்ட்ரோக். அந்தக் கிறீச்சென்ற சத்தம் முற்றிலும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த இரண்டு மோட்டார்களைத் தேர்ந்தெடுத்தோம்.

மோட்டார் நம்மைக் கடந்து போகும்போது சுருதி இறங்குமே, அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாற்பதில் கடந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம்தான் இறங்கும். தொண்ணூறில் கடந்தால் இரண்டரை. படத்தில் தொண்ணூறு என்று காட்டிவிட்டு நாற்பதில் பதிந்த சத்தத்தை அப்படியே வைத்தால் காது ஒத்துக்கொள்ளாது. என்ன குறை என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது, ஆனால் உட்கார்ந்திருக்கிற விதம் தளர்ந்துவிடும். எங்கள் ஒலிப் பொறியாளர் கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறவர். கடந்து போகிற ஒவ்வொரு ஷாட்டிலும் அந்த இறக்கத்தைக் கையால் சரிசெய்தார்.

படத்திலேயே பரபரப்பான இடம் எது என்று கேட்டால் பந்தயத்தைச் சொல்ல மாட்டேன். போலிஸ் இரண்டு முனையையும் அடைக்கிறது. ரெம்பிட் எனப்படும் தெருப் பந்தயப் பையன்களைப் பிடிக்கிற சோதனைகளில் இப்படித்தான் செய்வார்கள். போலிஸ்காரர்களை நாங்கள் காட்டவே இல்லை. சுருட்டுக் கதவுகள் மேல் நீல வெளிச்சம் மட்டும் ஓடுகிறது. தம்பி எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சந்துக்குள் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போகிறான். பந்தயம் முழுக்கக் காதைக் கிழித்த சத்தம் ஒரே நொடியில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு சங்கிலியின் டிக் டிக், செருப்பு உரசல், அவன் மூச்சு, சாக்கடை மூடி மேல் சக்கரம் ஏறும்போது ஒரு தகரச் சத்தம். யாரோ ஒரு வீட்டுச் சாமி விளக்கு எரிகிறது. ஒரு நாய் எழுந்து பார்க்கிறது. குரைக்குமா? கிட்டத்தட்ட நூறு கிலோ இரும்பை சத்தம் வராமல் தள்ளுகிற ஒருவனை அப்படியே விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேமரா அவனோடு நடக்கிறது, வெட்டு இல்லை. தூரத்துச் சுராவ் தொழுகைக் கூடத்திலிருந்து சுபுஹ் எனும் விடியல் தொழுகைப் பாங்கு ஒலிக்கிறது. மணி என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அக்காவின் பஸ் பாலத்தில் வந்துகொண்டிருக்கும். அடிதடி இல்லாமல் என்ன ஆக்‌ஷன் என்று கேட்டவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

நடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெல்மெட் போட்டால் முகம் போய்விடும், அதனால் கழற்றிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. படம் முழுக்க ஹெல்மெட் தலையில் இருக்கிறது, வாரும் மாட்டியிருக்கிறது. அதற்குள்ளிருந்தே நடிக்க வைத்தோம். கண்ணாடியில் மூச்சு படிந்து மறைவது, விரல்கள் பிரேக்கைத் தேடுவது, தொண்டை ஏறி இறங்குவது. நம் ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருக்கிறான், காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க. வெளிநாட்டு நண்பர் ஒருவர் ஏன் இப்படி என்று கேட்டார். இங்கே யாரும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கடைசிக் காட்சியை எழுதும்போது குழுவில் பெரிய வாக்குவாதம். அக்கா கண்டுபிடித்துத் திட்ட வேண்டும், அழ வேண்டும், அவன் திருந்திவிட்டதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சிலர். அப்படி எடுத்தால் பள்ளிகளில் திரையிடச் சுலபமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பையன்கள் உபதேசத்தை முதல் வாக்கியத்திலேயே மோந்து பிடித்துவிடுவார்கள், காதை மூடிக்கொள்வார்கள். எங்கள் அக்கா சாவியைத் திருப்புகிறாள், பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறாள். தான் விட்டுப் போனதைவிட அதிகம் இருக்கிறது. "பெட்ரோல் போட்டியா?" என்கிறாள். "ஆமாக்கா." பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரியும். அவன் பந்தயத்தில் ஜெயித்தானா என்பதை நாங்கள் சொல்லவில்லை, அந்த மூன்றாவது கியர் மாற்றத்தோடு அந்தக் காட்சி வெட்டப்பட்டுவிடுகிறது.

முதலில் போட்டுக் காட்டியது பிறையில் ஒரு பட்டறையில், ஷட்டரை இறக்கிவிட்டு, வெள்ளைத் துணியில். தரையில் உட்கார்ந்திருந்த பையன்கள் பந்தயத்தின்போது கத்தினார்கள், மோட்டாரைத் தள்ளும்போது ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் ஒருவன் வந்து, "அண்ணே, நாலாவது போடவே இல்லையே அவன்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவன், "நீயா இருந்தா போடுவியாடா?" என்று கேட்டான். அப்புறம் அவர்களுக்குள் நீண்ட நேரம் பேச்சு போனது. யார் எங்கே காலை எடுத்தார்கள், யார் எடுக்காமல் போனார்கள் என்று. நான் நடுவில் போகவில்லை. பட்டறைக்காரர் மட்டும் என்னிடம் ஆர்எக்ஸ்இசட்டின் இரண்டாவது கியர் சத்தம் கொஞ்சம் முன்னாலேயே வருகிறது என்றார். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பதிவு செய்த சத்தங்கள் எல்லாம் என்னிடம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன: ஈஎக்ஸ் 5, ஆர்எக்ஸ்இசட், சுமையோடு, சுமை இல்லாமல், நாற்பதில் கடப்பது, அணைத்த பிறகு எஞ்சின் ஆறுகிற சத்தம். மலேசியாவில் தமிழில் குறும்படம் எடுக்கிற யாருக்கும் காசில்லாமல் தருகிறேன். ஆர்எக்ஸ்இசட் சத்தத்தை ஈஎக்ஸ் 5 மேல் போட்டுவிடாதீர்கள், அது ஒன்றுதான் கேட்கிறேன்.